மகமைப் புத்தகத்தில் ஒட்டிக்கிடந்த பக்கங்கள்

என் அருமைத் தம்பி அருளப்பா,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றாதவன் இப்போது எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கோபித்துக்கொள். நன்றாகவே கோபித்துக்கொள்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்கு வாய் அடைத்துவிடும். கஞ்சிச் செலவு எழுதிய பக்கம் கிடைத்துவிட்டது. நீ எழுதித்தான் இருக்கிறாய். உன் கையெழுத்தில், தேதி வாரியாக, கேழ்வரகு, விறகு, உப்பு, சட்டி என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். கூட்டிப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினோரு ரூபாய் ஆறணா. திருடிவிட்டாய் என்று சொல்லி உன்னை வெளியே அனுப்பினோமே, அதே முந்நூற்றுப் பதினோரு ரூபாய் ஆறணா.

மூன்று தரம் கூட்டினேன். நாலாம் தரம் கூட்ட உட்கார்ந்தபோது எண்கள் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் கோளாறு இல்லை.

உனக்குத் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஒரு தடவையாவது நான் இதை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

செஞ்சியில் நம் மல்லாட்டை மண்டியில் கணக்குக்கு நாலு பேர். நான் தலைமைக் கணக்கன். உனக்கு மூட்டைக் கணக்கு, நடேசனுக்குப் பேரேடு, குப்புசாமிக்கு ரொக்கம். வல்லத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் வண்டி வண்டியாக வரும் வேர்க்கடலை மூட்டைகள் நம் நாலு பேர் பேனாவுக்கு அடியில்தான் போகும். நீங்கள் மூன்று பேரும் எழுதுவதை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் எனக்குப் பத்து ரூபாய் அதிகச் சம்பளம்.

விற்கிற மூட்டைக்கு ஓரணா மகமை பிடிப்பது மண்டி வழக்கம். அம்மன் கோயிலுக்கும் தர்மத்துக்கும் அந்தப் பணம். மூட்டை எழுதுகிறவனே மகமையும் எழுத வேண்டும், மகமைப் பெட்டியின் சாவியும் அவனிடமே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படித்தான் மாதா கோயிலுக்குப் போகிற உன் கைக்கு மாரியாத்தா கணக்கு வந்தது. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டுத்தான் நீ அந்தப் புத்தகத்தைத் தொடுவாய். நாங்கள் மூன்று பேரும் ஒரு நாளும் கழுவியதில்லை.

நடேசன் உன்னைச் சீண்டுவான், ஞாபகம் இருக்கிறதா? "வேதக்காரன் எழுதற மகமைக்கு ஆத்தா வரம் குடுப்பாளா அருளப்பா?" என்பான். நீ தலையை நிமிர்த்தாமலே சொல்வாய்: "ஆத்தா கூட்டல் சரியா இருக்குதான்னுதான் பாப்பா. எவன் கூட்டினான்னு பாக்க மாட்டா." குப்புசாமி சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போவான். நானும் சிரித்தேன். உனக்கு அது வலித்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மற்ற எல்லாப் புத்தகத்தையும் மாதக் கடைசியில் வரி வரியாகப் பார்ப்பேன். மகமைப் புத்தகத்தை மட்டும் பார்க்க மாட்டேன். சாமி கணக்கில் பென்சிலை வைத்துச் சரி போட்டால் சாமியையே சந்தேகப்பட்ட மாதிரி என்று எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே பழக்கம். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடியில் கையெழுத்துப் போடுவேன். பக்தி என்றார்கள். பக்தியாவது மண்ணாவது! சோம்பேறித்தனத்துக்குத் திருநீறு பூசிவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மழை பொய்த்த அந்த வருஷம் மண்டி வாசலில் நாற்பது நாள் கஞ்சி ஊற்றினோம். மகமைப் பணத்தில்தான் ஊற்றினோம். நீதான் தினம் செலவை எழுதினாய். இரண்டு பக்கம் வந்தது, எதிரும் புதிருமாக. அந்த இரண்டாவது பக்கம் முடிந்த கையோடு ஆயுத பூஜை வந்தது.

இனிமேல் நடந்ததெல்லாம் என் கைவரிசை. சந்தனம் விலை ஏறிப்போயிருந்தது. மிச்சம் பிடி என்று முதலாளி சொன்னார் என்பதற்காக மஞ்சளில் அரிசி மாவைக் கலந்து தண்ணீர் விட்டுக் குழைத்தேன். எல்லாப் புத்தகத்துக்கும் அட்டையில் ஒரு பொட்டு. சாமி புத்தகம் விசேஷமாயிற்றே என்று அதை மட்டும் விரித்து, நீ எழுதி முடித்திருந்த அந்த இரண்டு பக்கத்தின் நாலு ஓரத்திலும் நடுவிலும் தாராளமாக அப்பினேன். மூடினேன். எல்லாப் புத்தகத்துக்கும் மேலே தராசுக் கல்லை வைத்துப் படைத்தோம், மண்டியில் கல்லும் ஆயுதம் அல்லவா. பூஜை அன்று புத்தகத்தைத் திறக்கக் கூடாது. ஒரு பகலும் ஓர் இரவும் அந்த இரும்புக் கற்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தன.

விஜயதசமிக் காலையில் புத்தகத்தைத் திறந்து முதல் வரி எழுதுவது தலைமைக் கணக்கன் கை. திறந்தேன். எழுதியிருந்த கடைசிப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்தது எது? கஞ்சிக்கு முந்தைய பக்கம். அதன் இருப்பை எடுத்து அடுத்த வெள்ளைப் பக்கத்தின் தலையில் நானே எழுதினேன், பிள்ளையார் சுழி போட்டு. நடுவில் ஒரு தாள் தடித்துக் கிடந்ததை விரல் கூடக் கவனிக்கவில்லை. பெரியவர் கை எழுதிய இருப்பு என்று நீயும் அதன்மேல் கேள்வி கேட்கவில்லை.

அட பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன். "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதே" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஆடித் திருவிழாவுக்கு முதலாளி பெட்டியைத் திறக்கச் சொன்னார். புத்தகம் ஒன்று சொன்னது, பெட்டி ஒன்று சொன்னது. முந்நூற்றுப் பதினோரு ரூபாய் ஆறணா குறைந்தது. நீ சிரித்துக்கொண்டே, "கஞ்சிச் செலவு அண்ணே, கழிக்காம உட்டிருப்பாங்க" என்று புத்தகத்தைப் புரட்டினாய். பக்கம் இல்லை. மறுபடி புரட்டினாய். உன் முகத்தில் இருந்த சிரிப்பு மெள்ள இறங்கியதை எதிரே நின்று பார்த்தேன்.

"காணமே அண்ணே. எழுதினேனே. யாரோ கிழிச்சிட்டாங்க அண்ணே."

அந்த வார்த்தைதான் உனக்கு எமன் ஆயிற்று. "கஞ்சிக்கு எவ்ளோ போச்சு, உன் மடிக்கு எவ்ளோ போச்சுன்னு எவன் கண்டான்? சாவி உங்கிட்ட. புஸ்தகம் உங்கிட்ட. வேற எவன்டா கிழிப்பான்?" என்றார் முதலாளி. அன்று சந்தை நாள். வாசல் நிறைய வண்டிக்காரர்கள், குடியானவர்கள். உள்ளே நடந்தது வெளியே போக எத்தனை நேரம் ஆகும்? "வேதக்காரன் ஆத்தா காச எடுத்துட்டானாம்" என்று ஒருவன் உரக்கவே சொன்னான். நீ அவன் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம்தான் திரும்பினாய்.

"புஸ்தகத்த ஒரு நாள் எங்கிட்ட குடுங்க அண்ணே. தாள் தாளாப் பாத்துட்டுச் சொல்றேன்," என்று கேட்டாய். முதலாளி, "கை வெக்காதே அதும்மேல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் கீழ இருக்கற ஆளு. நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன்? "புஸ்தகத்துல இல்லீங்க" என்றேன். மூன்று வார்த்தை கூட இல்லை. பொய்யும் இல்லை. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது உன்னைப் பற்றியது அல்ல. மாதாமாதம் சரிபார்த்தாயா என்று என்னைக் கேட்டுவிடுவாரோ என்பது ஒன்றுதான் ஓடியது. புத்தகத்தை உன்னிடம் கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் அந்தத் தாளை நீ பிரித்திருப்பாய்.

நீ எடுத்திருப்பாய் என்று நான் நம்பினேனா என்று கேட்கிறாயா? நம்பவில்லை தம்பி. ஒரு நிமிஷம் கூட நம்பவில்லை. நம்பியிருந்தாலாவது மனுஷன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மத்தியானம் காகிதம் எழுதியதும் நான்தான். "எடுத்தேன்" என்று எழுதச் சொன்னார் முதலாளி. நீ மாட்டேன் என்றாய். "எடுத்தேன்னு எழுத மாட்டேங்க. குறையுதுன்னு எழுதுங்க, கட்டறேன்" என்றாய். கட்டினாய். உன் பெண்டாட்டி சவேரியம்மாவின் தோடும் மூக்குத்தியும் நூற்றிருபது ரூபாய்க்குப் போயின. அந்தப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டதும் நான்தான். மிச்சத்தைக் கட்ட நீ வல்லத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்க் களை வெட்டினாய் என்றும், காய்ச்சலில் படுத்தாய் என்றும், எட்டே மாதத்தில் போய்விட்டாய் என்றும் வண்டிக்காரர்கள் சொல்லித் தெரிந்தது. சாவுக்கு நான் வரவில்லை. அறுவடை நேரம், மண்டியில் வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன்.

இப்போது எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். யுத்தம் முடிந்தும் காகிதம் கிடைக்கிற பாடில்லை. எல்லாம் கன்ட்ரோல். பழைய புத்தகங்களில் வெள்ளைத் தாள் இருந்தால் கிழித்துத் துண்டுச்சீட்டு பண்ணச் சொன்னார் முதலாளி. போன செவ்வாய்க்கிழமை மகமைப் புத்தகம் கைக்கு வந்தது. ஒரு தாள் மட்டும் அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. ஈரத்துணியை வைத்துப் பிரித்தேன். உள்ளே நீ இருந்தாய்.

நடேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, மறுபடியும் ஒட்டி வெச்சிடலாமே" என்றான். கெட்டவன் இல்லை அவன். பயந்தவன். நான் வளர்த்த ஆள் வேறு எப்படி இருப்பான்?

முதலாளி அந்த இரண்டு பக்கத்தையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "செத்தவன் வந்து கணக்கு கேக்கப் போறானாய்யா?" என்றார். "வெளிய தெரிஞ்சா எவன் நம்பி மூட்ட கொண்டாருவான்? அந்தம்மா கட்டின நூத்திருவதக் கவர்ல போட்டுக் குடுத்துட்டு வா. வாயத் தொறக்காத. தொறந்தியானா அன்னிக்கே உன் கணக்கையும் முடிச்சிக்க." கவரை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் தம்பி, அப்போதும்.

மறுநாள் கரியில் ஓடும் பஸ்ஸில் வல்லம் போனேன். சவேரியம்மா களத்தில் கூலிக்கு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டது. சொன்னேன். வழியெல்லாம் கோத்துவைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை, பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அவரு எடுக்கலியா?"

"எடுக்கலம்மா."

"ஒரு தம்பிடி கூடவா?"

"ஒரு தம்பிடி கூட இல்லம்மா."

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. கையில் இருந்த செடியைக் கீழே போட்டது. "நான் கேட்டேனே," என்றது. "சாவற அன்னிக்கு நானே கேட்டுட்டேனே."

அருளப்பா, இதை உன்னிடமே எப்படிச் சொல்வது? உனக்குத்தான் தெரியுமே. சாகிறவர்களுக்கு உங்களில் எண்ணெய் பூசுவார்களாமே, அந்த அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார் வந்து வெளியே நின்றபோது அந்தப் பெண் உன் காதருகே குனிந்து கேட்டதாம்: "கோயில் காசு எடுத்திருந்தா இப்பவாவது சாமியார்கிட்ட சொல்லிடுங்க. பாவத்தோட போவாதீங்க." நீ, "எடுக்கல புள்ள" என்றாயாம். "எனக்கு நம்பிக்க வர்ல" என்றது என்னிடம். "அத்தினி பேரு சொன்னாங்களே. ஆபீசுல பெரியவரு நீங்களே புஸ்தகத்துல இல்லன்னீங்களே. அதனால திரும்பக் கேட்டேன். ரெண்டாவது தரம் அவரு பதிலே சொல்லல. சுவத்துப் பக்கமா திரும்பிக்கினாரு. அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

நான் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் செஞ்சியிலிருந்து வல்லத்துக்கு உனக்கு முன்னால் போய் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

"மாசாமாசம் பூசை வெக்கிறேன்," என்றது சவேரியம்மா. "திருடன் ஆத்துமா கரையேறட்டும்னு. இந்தக் கூலிக் காசுல. பாவத்த மறச்சிட்டுப் போயிட்டாரேன்னு திட்டிக்கினே பூசை வெச்சேன். இனிமே நான் யார்கிட்டப் போயி மன்னிப்பு கேக்கறது? சொல்லுங்க. படிச்சவரு, நீங்க சொல்லுங்க."

எனக்கு என்ன தெரியும்? கூட்டல் தெரியும், கழித்தல் தெரியும். கவரை நீட்டினேன். அதன் பக்கமே பார்க்கவில்லை. களத்து மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிய என்னைக் கூப்பிட்டது.

"எங்கிட்ட சொன்னது போதாது. எங்க அவர திருடன்னு சொன்னாங்களோ, அங்க சொல்லுங்க. சந்த அன்னிக்கி, அதே வாசல்ல. உங்க வாயால. அப்புறம் இங்க கல்லறைக்கு வந்து அவருகிட்டயும் சொல்லுங்க." கீழே போட்ட செடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வராதீங்க" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னது.

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஆயிற்று. தினம் ஆபீஸுக்குப் போகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். மூட்டைக் கணக்கை இப்போது நடேசனே பார்க்கிறான். குப்புசாமி ரேஷன் ஆபீஸில் வேலை கிடைத்துப் போய்விட்டான். உன் நாற்காலியில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக ராஜகிரி மலை தெரிகிறது, வெயில் காய்ந்துகொண்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆக வேண்டிய பெண்கள் இரண்டு பேர். இந்த வேலையை விட்டால் இந்த ஊரில் வேறு யார் என்னைச் சேர்ப்பார்கள்? இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன்னை அனுப்பிய அன்று உனக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள்.

சொன்னால் மட்டும் என்ன ஆகும்? நீ எழுந்து வரப்போகிறாயா? சவேரியம்மா கேட்ட கேள்வி வாய்க்குள் திரும்பிப் போகுமா? எதுவும் ஆகாது. மனசு ஆறும் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உனக்கு நான் தர வேண்டிய பதில் ஒன்று பாக்கி நிற்கிறது. புத்தகத்தைக் கொடுங்கள் அண்ணே என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாயே, அதற்கு.

நாளைக்குச் சந்தை. வண்டிகள் வந்து நிறைந்ததும் மகமைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மண்டி வாசலில் நிற்பேன். நாக்கு என்னை மறுபடியும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தையே படிப்பேன், ஒரு வரி விடாமல், மாவு குழைத்ததையும் வாய் பேசாமல் நின்றதையும் சேர்த்து. படித்து முடித்ததும் என்னிடமுள்ள மண்டிச் சாவியை முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டு வல்லத்துக்கு நடப்பேன். கல்லறையில் உன்னிடம் ஒரு தரம் படிப்பேன். பிறகு அந்தப் பக்கம் வரமாட்டேன், சவேரியம்மா கேட்டுக்கொண்டது அது.

செஞ்சி மல்லாட்டை மண்டி வாசலில் நிற்கிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அருளப்பன் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
நீ நாலு பேர் முன்னால் "அண்ணே" என்று கூப்பிட்டபோது தம்பி என்று சொல்லாமல் நின்ற உன் அண்ணன்,
வரதராசு